புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடை: தலைமைச் செயலகம் முதல் மணக்குளம் வரை

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலப் பலகை என்று பார்த்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடலைப் பார்க்காமல் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. கப்பல் வியாபாரத்துக்காக வளர்ந்த நகரம் இது. ஆனால் கப்பல் கரையை ஒட்டி நிற்க இங்கே இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அந்தக் கொஞ்சத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு விடை கண்டுபிடித்தார்கள். கயிற்றால் தைத்த மசூலா படகு, கடலுக்குள் நீளும் இரும்பு இறங்குதுறை, கான்கிரீட் இறங்குதுறை, முகத்துவாரத் துறைமுகம் என்று அந்த விடைகளின் தடயங்கள் கரையோரம் வரிசையாகக் கிடக்கின்றன. இந்த நடை அவற்றைப் பின்தொடர்கிறது.

நேரமும் தூரமும்

கடற்கரைச் சாலையின் நீளம் சுமார் 1.5 கி.மீ. வடக்கிலிருந்து தெற்கே கடலோரமாக நடந்து, உள்வீதிகள் வழியாக வடக்கே திரும்பினால் மொத்தம் 4 கி.மீ. வரும். நின்று பார்த்து நடக்க 3 மணி நேரம் ஒதுக்குங்கள். தெற்கே மீனவர் குடியிருப்பு வரை போவதாக இருந்தால் இன்னும் முக்கால் மணி நேரம்.

காலை நடைதான் எங்கள் பரிந்துரை. காரணம் மூன்று. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை இந்தச் சாலையில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. அதிகாலையில் முழுச் சாலையும் நடப்பவர்களுக்குத்தான். இரண்டாவது, கரை கிழக்கு பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும்போது கட்டடங்களின் முகப்பில் நேராக வெளிச்சம் விழும். மாலையில் அதே கட்டடங்கள் தங்கள் நிழலிலேயே நிற்கும். மூன்றாவது, கடற்கரைச் சாலையில் மர நிழல் மிகக் குறைவு. 8.30 மணிக்குமேல் வெயில் தரையிலிருந்தும் அடிக்கும், கடல் பரப்பிலிருந்தும் அடிக்கும்.

சூரிய உதயம் மே கடைசியில் 5.45க்குச் சற்று முன்னதாகவே வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.30ஐ ஒட்டி வரும். உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு முதல் இடத்தில் நிற்கும்படி கிளம்புங்கள். அந்த 20 நிமிடத்தில் வானம் மாறுகிற மாற்றம், சூரியன் வந்த பிறகு கிடைக்காது.

ஜனவரி முதல் மார்ச் வரை நடக்க இதமான காலம். ஏப்ரல், மே, ஜூனில் காலை 8 மணிக்குள் கடலோரப் பகுதியை முடித்துவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தூறலில் நடக்கலாம், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் கரைப்பக்கமே போகக்கூடாது. அலை கருங்கல் தடுப்பைத் தாண்டி நடைபாதையில் விழும் நாட்கள் அவை.

கிழமையும் முக்கியம். செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. சனி, ஞாயிறு காலைகளில் வெளியூர்க் கூட்டம் நிறைந்திருக்கும். திங்களன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைக்குச் சுமார் 3 கி.மீ., ரயில் நிலையத்திலிருந்து 1.5 கி.மீ. ஆட்டோவில் ஏறும்போது ‘பீச்’ என்று மட்டும் சொன்னால் காந்தி சிலை அருகே இறக்கிவிடுவார்கள். நடை வடகோடியில் தொடங்குவதால் ‘தலைமைச் செயலகம் பக்கம்’ என்று சொல்லுங்கள். கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. சொந்த வண்டியில் வந்தால் உள்வீதியில் அனுமதிப் பலகை உள்ள இடத்தில் நிறுத்துங்கள். பல வீதிகள் ஒருவழிப் பாதை. தடுப்புக் கட்டையைச் சுற்றி இடம் தேடுவதிலேயே உதயம் போய்விடும்.

கையில் எடுக்க வேண்டியவை: ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், தொப்பி, இரண்டு பருத்திக் கைக்குட்டை, சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய, அடி வழுக்காத செருப்பு. செருப்பைக் கடைசிக் கட்டத்தில் இரண்டு முறை கழற்ற வேண்டியிருக்கும். கைக்குட்டையில் ஒன்றை நனைத்து ஒரு சிறு பையில் வையுங்கள். கடற்காற்று மூக்குக்கண்ணாடி மேலும் போன் லென்ஸ் மேலும் உப்புப் படலத்தைப் பூசிவிடும். அதை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத்துகள் கீறும். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. படங்கள் எல்லாம் மங்கலாக வந்திருப்பதை வீட்டுக்குப் போன பிறகு கண்டுபிடிப்பவர்கள் நிறைய. கழிப்பறை வேலையைத் தங்குமிடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: தலைமைச் செயலகத்துக்கு எதிரே

பழைய சாராய ஆலை இருந்த வளாகத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் தலைமைச் செயலகம். அதற்கு எதிரே கடலைப் பார்த்து நில்லுங்கள். இங்கே மணல் இருக்கும். தெற்கே திரும்பிப் பாருங்கள்: கரை நெடுக யானைக்குட்டி அளவுக் கருங்கற்கள். ‘ராக் பீச்’ என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. பாறை இங்கே இயற்கையாகக் கிடையாது. ஒவ்வொரு கல்லும் லாரியில் வந்து கொட்டப்பட்டது.

ஏன் கொட்டினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, மணல் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் அலை கரையைச் சாய்வாக வந்து அடிக்கும். ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது நேராகக் கீழே இழுக்கும். இப்படி ஏறி இறங்கியே மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம்.

1980களின் பிற்பகுதியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டன. வடக்கே வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரின் தெற்குப் பக்கத்தில் தேங்கிவிட்டது. வடக்குப் பக்கத்தில் அலை மட்டும் வந்தது, மணல் வரவில்லை. இருந்த மணலை அலை எடுத்துக்கொண்டு போக, நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல்மேல் மோதும் அலை தன் வேகத்தை முழுதும் இழக்காமல் அடியிலிருந்து இன்னும் மணலைச் சுரண்டும். அதோடு, கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கும். பிறகு அங்கேயும் கல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் அரிப்பு நகர்ந்தது இப்படித்தான்.

உங்கள் முன்னால் இருக்கும் மணல், 2018இல் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இந்த இடத்தில் கடலுக்கடியில் இறக்கிய ஆப்பு வடிவ எஃகு அமைப்பால் திரும்பி வந்தது. மேலே எதுவும் தெரியாது. அலையின் வேகத்தை அது கடலுக்குள்ளேயே குறைத்துவிடுவதால், அலை சுமந்து வரும் மணல் அதன் பின்னால் படிகிறது. ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால், இங்கே அலை தள்ளியே உடைந்து மெதுவாக ஏறுவதும், தெற்கே கல்லில் நேராக வந்து மோதுவதும் கண்ணுக்குத் தெரியும்.

மணலில் நிற்கலாம், கடலில் இறங்க வேண்டாம். கட்டுமானங்களுக்கு அருகே கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டம் உண்டாகும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரின் காலடி மணலை அது உருவிவிடும். இந்தக் கரையில் ஆட்கள் மூழ்கியிருக்கிறார்கள். தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருப்பது அதனால்தான். கல்மேல் ஏறுவதும் அதே அளவு ஆபத்து. நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள கற்களில் பச்சைப்பாசி படிந்திருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கால் சிக்கினால் அடுத்த அலைக்குள் எடுக்க முடியாது. படத்துக்காகக் கீழே இறங்காதீர்கள். குழந்தைகளைக் கைப்பிடித்து நடத்துங்கள்.

இரண்டாம் கட்டம்: போர் நினைவுச் சின்னமும் பழைய கலங்கரை விளக்கமும்

தெற்கே சில நிமிட நடையில் சாலையின் நிலப்பக்கம் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சு இந்தியப் போர்வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1938இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று விளக்கேற்றி மரியாதை செய்வார்கள். மற்ற நாட்களில் வெளியிலிருந்துதான் பார்க்கலாம்.

அடுத்து பழைய கலங்கரை விளக்கம். 1836 ஜூலை 1 அன்று முதன்முதலில் ஏற்றப்பட்டது. 1979இல் புதிய கோபுரம் வந்ததும் இதன் வேலை முடிந்தது. இது நகரத்தின் கடல்முகப்பின் நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். துறைமுக வாயைக் காட்டும் விளக்கு அல்ல இது. திறந்த கடலில் நங்கூரமிடத் தேடும் கப்பலுக்கு ‘ஊர் இங்கே’ என்று சொன்ன விளக்கு.

மூன்றாம் கட்டம்: காந்தி சிலையும் காணாமல் போன இறங்குதுறையும்

இங்கே அரை மணி நேரம் செலவிடுங்கள். முதலில் சிலையைச் சுற்றியுள்ள எட்டுக் கருங்கல் தூண்கள். இவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை அது அவர்கள் கையில் இருந்தது. தூணருகே போய்க் கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஒரே கல். அதில் செதுக்கிய வேலைப்பாட்டின் கூர்மை கடல் பார்க்கும் பக்கத்தில் எவ்வளவு மழுங்கியிருக்கிறது, நிலம் பார்க்கும் பக்கத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று விரலால் தடவாமல் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். காலைச் சாய்வெளிச்சத்தில் இது நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

சாலைக்கு அந்தப் பக்கம் காந்தியைப் பார்த்தபடி நேரு சிலை. அதைப் பார்த்துவிட்டு, காந்தி சிலைக்குப் பின்னால் கடலோரக் கைப்பிடிக்கு வாருங்கள். 1866இல் திறக்கப்பட்ட இரும்பு இறங்குதுறை இங்கிருந்துதான் கடலுக்குள் நீண்டது. அதற்கு முன்னால் கப்பலிலிருந்து கரைக்கு வர ஒரே வழி மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி அடித்த படகு அலை உடையும் இடத்தில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். பிரெஞ்சு ஆட்சியாளர்களின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தி திரும்பத் திரும்ப வருவதன் பொருள் இந்த இடத்தில் நின்றால் விளங்கும். கப்பல் கண்ணில் பட்டதற்கும் கடிதம் கையில் கிடைத்ததற்கும் நடுவே இந்த அலை இருந்தது.

இறங்குதுறை வந்த பிறகு படகுகள் அலை உடையும் இடத்தைத் தாண்டாமலே, இறங்குதுறையின் முனையில் ஆளை ஏற்றி இறக்க முடிந்தது. கல்கத்தாவிலிருந்து ‘துய்ப்ளே’ என்ற கப்பலில் 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் வந்து சேர்ந்த காலம் அது. 1952 புயல் அந்த இறங்குதுறையை முறித்துப் போட்டது. கடல் அடங்கியிருக்கும் நாளில், தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில், இரும்புக் கால்களின் மிச்சம் தலைகாட்டும். அலை அதிகமாக இருந்தால் தெரியாது. எந்த நேரம் தெரியும் என்று கைப்பிடிச் சுவரருகே தூண்டில் போடுகிறவர்களைக் கேளுங்கள். எந்த அட்டவணையையும் விடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இந்தப் பழைய நகரப் பகுதி தப்பியதற்கு, உயர்ந்த கரையும் கல் தடுப்பும் பெரிய காரணம். தடுப்பு இல்லாத மீனவர் குப்பங்கள்தான் அடிபட்டன. கல் கொட்டியதைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

நான்காம் கட்டம்: மேரியும் கப்ஸ் கோயிலும்

சிலைக்குத் தெற்கே கடல் பக்கம் ஒரு காபிக் கடை. ஒரு காலத்தில் துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடம். காலைக் காபிக்கு ஏற்ற இடம்தான். ஆனால் இங்கே உட்கார்ந்தால் அரை மணி போய்விடும், முகப்பு வெளிச்சமும் போய்விடும். கைக்குவளையில் வாங்கிக்கொண்டு நடப்பது உத்தமம்.

அடுத்து நிலப்பக்கம் மேரி என்கிற நகர மண்டபம். முதலில் 1870–71இல் கட்டப்பட்டது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறக்கப்பட்ட கட்டடம். படம் எடுக்கும்போது அதை 150 ஆண்டுப் பழைய கட்டடம் என்று எழுதிவிடாதீர்கள். இடிந்ததைக் கைவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பாமல் பழைய முகத்தையே மீட்டது நல்ல முடிவு. அதே சமயம், பராமரிப்பு தவறினால் சுண்ணாம்புக் கட்டடத்தை ஒரு மழைக்காலமே சாய்த்துவிடும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மேரிக்குத் தெற்கே ஒரு சிறு தோட்டம், நடுவில் பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க் சிலை. தோட்டத்துக்குப் பின்னால் துமாஸ் வீதியில் வானதூதர்களின் அன்னை ஆலயம். ஊர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள்; கப்புச்சின் துறவிகள் நடத்திய கோயில் என்பதிலிருந்து வந்த பெயர். இப்போதுள்ள கட்டடம் 1855இல் முடிந்தது. திறந்திருந்தால் உள்ளே போய்ச் சுவரின் பளபளப்பைப் பாருங்கள்: முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து மெருகு. பூசை நடக்கும்போது பின்வரிசையில் அமைதியாக நிற்கலாம். படம் எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் கட்டம்: தென்கோடி

கப்ஸ் கோயிலிலிருந்து மறுபடி கடலோரம் வந்து தெற்கே நடந்தால் கூட்டம் குறையும். சாலை முடியும் இடத்துப் பூங்காவில் துய்ப்ளே சிலை. 1742 முதல் 1754 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர். சிலை 1870இல் வந்தது. முன்பு ஊரின் நடுமுகப்பில் நின்றதை, பிறகு இந்த ஓரத்துக்கு மாற்றினார்கள். சிலை நின்ற இடத்தை வைத்தே ஆட்சி மாறியதைச் சொல்லிவிடலாம்: 1954 அக்டோபர் 18 இந்தியாவோடு இணைவது பற்றிய கீழூர் வாக்கெடுப்பு, நவம்பர் 1 ஆட்சி கைமாற்றம், 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு.

நேரம் 7.15 ஆகியிருந்தால் இங்கிருந்தே திரும்புங்கள். அதற்குமுன் என்றால் இன்னும் தெற்கே வம்பாகீரப்பாளையம் மீனவர் குடியிருப்பு வரை போகலாம். 1952 புயலில் போன இறங்குதுறைக்குப் பதிலாக 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 1962 வாக்கில் கட்டிமுடித்த கான்கிரீட் இறங்குதுறை அங்கே உள்ளது. அதன் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. மேலே ஏற அனுமதி இல்லை, ஏறவும் கூடாது. கரையில் நின்று பார்த்தாலே போதும். வலை பிரிக்கும் நேரம் அது. வலைமேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

ஆறாம் கட்டம்: உள்வீதி வழியே திரும்புதல்

7.30க்குச் சாலையில் வண்டிகள் விடப்படும்போது நீங்கள் உள்வீதியில் இருக்க வேண்டும். கடலுக்கு அடுத்த வரிசை துமாஸ் வீதி, அதற்கடுத்தது ரோமன் ரோலண்ட் வீதி, அப்புறம் சுஃப்ரேன் வீதி. மூன்றும் கடலுக்கு இணையாக ஓடுபவை. துமாஸ் வீதியில் கப்ஸ் கோயில் வரை வடக்கே வந்து, ஒரு வரிசை மேற்கே மாறி ரோமன் ரோலண்ட் வீதியைப் பிடியுங்கள். கிழக்குப் பக்க மதில் நிழலில் நடந்தால் வெயில் படாது. குறுக்கு வீதிகளைக் கடக்கும்போது கடற்காற்று சட்டென்று முகத்தில் அடிக்கும். இந்தச் சதுரக்கட்ட வீதி அமைப்புக்கு 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பழைய கோடுகள்மேலேயே மறுபடி கட்டினார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் சுவர்கள் பெரும்பாலும் 1761க்குப் பிந்தியவை, வீதிகளோ அதற்கு முந்தியவை.

ஏதாவது ஒரு மதிலருகே நின்று அடியிலிருந்து மூன்றடி உயரத்தைக் கவனியுங்கள். பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், காற்றில் உலரும். உப்பு மட்டும் தங்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை மூச்சுவிடவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உள்ளுக்குள் உப்பாகி, இரண்டு மழைக்காலத்துக்குள் சிமென்ட் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். ஒரே மதிலில் சுண்ணாம்புப் பகுதி மாவுபோல மெல்ல உதிர்வதையும், சிமென்ட் ஒட்டுப்போட்ட பகுதி தட்டையாகப் பெயர்ந்து விழுவதையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஊரின் பராமரிப்புச் சிக்கல் முழுவதும் அந்த மூன்றடிக்குள் இருக்கிறது.

வீட்டமைப்பையும் பாருங்கள். இங்கே உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே முற்றமும் தோட்டமும், வீதிக்கு முதுகு. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்குப் போனால் திண்ணையும் தாழ்வாரமும் வீதியை நோக்கித் திறந்திருக்கும். கீழே திண்ணை, மேலே வளைவுச் சன்னல் என்று இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. வைசியாள் வீதி அதற்கு நல்ல இடம். அதைத் தனியாக ஒரு மாலை வைத்துக்கொள்ளுங்கள், இந்த நடையோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

அழகான கதவு என்றால் அது ஒருவர் வீட்டுக் கதவு. படியில் உட்கார்ந்து படம் எடுப்பது, கதவைத் தள்ளிப் பார்ப்பது, வாசலில் ஆடை மாற்றிப் படப்பிடிப்பு நடத்துவது எல்லாம் குடியிருப்பவர்களைப் பெரிதும் தொல்லைப்படுத்துகின்றன. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். கோணமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

ஏழாம் கட்டம்: பாரதி பூங்கா

வீதி கொண்டுவந்து விடும் பூங்காவில்தான் லூயி கோட்டை நின்றது. ஐந்து முனைக் கோட்டை, 1706இல் முடிந்தது, 1761 இடிப்பில் தரைமட்டமானது. இப்போது பூங்காவைச் சுற்றிச் சட்டப்பேரவை, ஆளுநர் மாளிகை, அருங்காட்சியகம், 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம். பண்டைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் பார்க்க விரும்பினால் அருங்காட்சியகத்துக்குப் பகலில் தனியாக வாருங்கள். ஆளுநர் மாளிகைப் பக்கம் காவலர் சொல்வதைக் கேட்டுப் படம் எடுங்கள்.

பூங்காவின் நடுவே வெள்ளை ஆயி மண்டபம், புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது. தேவதாசி ஆயியின் வீட்டைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டுவிட்டார், உண்மை தெரிந்து இடிக்கச் சொன்னார், அவளே வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டினாள் என்பது கதை. 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்து நல்ல தண்ணீரை நகரத்துக்கு வாய்க்கால் போட்டுக் கொண்டுவந்தபோது, அதன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. அவ்வளவு கடல் தண்ணீரை ஒட்டியிருந்த ஊர், குடிதண்ணீர் கொண்டுவந்த பெண்ணைச் சின்னமாக வைத்துக்கொண்டது. இங்கே கால் நீட்டி இருபது நிமிடம் உட்காருங்கள். மர நிழல் உண்டு, கொண்டுவந்த தண்ணீரைக் குடியுங்கள்.

எட்டாம் கட்டம்: ஆசிரமமும் மணக்குள விநாயகரும்

பூங்காவுக்கு வடக்கே மரீன் வீதியில் அரவிந்தர் ஆசிரமம். பார்வையாளர் நேரம் காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6. செருப்பை வெளியே விட்டு, போனை அணைத்துவிட்டு, பேசாமல் போக வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், அதனால் குடும்பமாக வந்தால் முறை வைத்துப் போங்கள். 12 மணிக்கு வந்து வாசலில் நிற்பவர்களே அதிகம். காலையில் தொடங்கிய நடையில் அந்தச் சிக்கல் வராது.

ஒரு வீதி தள்ளி மணக்குள விநாயகர் கோயில். மதியம் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். யானை லட்சுமியைத் தேடி வருபவர்கள் இன்னும் உண்டு. அவள் 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது வீதியிலேயே சரிந்து இறந்துபோனாள். சாமி கும்பிட்ட பிறகு பெயரைக் கவனியுங்கள்: மணல் குளம் மருவி மணக்குளம். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே கோயில் இருந்தது. கடல் மணல் சூழ்ந்த குளக்கரையில் பிள்ளையார். காலையில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நின்று பார்த்த அந்த மணல், ஒரு காலத்தில் இந்த வாசல் வரை இருந்தது.

மாலையில் மட்டும் நேரம் இருந்தால்

5.15க்கு ஆசிரமத்தில் தொடங்கி, பூங்கா, கப்ஸ் கோயில் வழியாக 6 மணிக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து, தென்கோடியிலிருந்து வடக்கே நடங்கள். மணலையும் கற்களையும் இருட்டில் பார்க்க முடியாது. விளக்கு வெளிச்சத்தில் முகப்புகளும் கடற்காற்றும் கிடைக்கும். பௌர்ணமியன்று வந்தால் நிலா கடலிலிருந்து எழுவதைக் காந்தி சிலை அருகிலிருந்து பார்க்கலாம். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு வந்தால் போர் நினைவுச் சின்னம் முதல் மேரி வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், தரையும் சமதளம். மழை பெய்த மறுநாள் கல்தளம் வழுக்கும். கடலோர ஓரத்தை விட்டுச் சாலையின் நடுவிலேயே நடங்கள், 6 மணிக்குப் பிறகு அங்கே வண்டி வராது.